மொட்டும் அதன் அண்டைத் திசுவும்: கருவிலிருக்கும் சுரப்பிகளில் ஹார்மோன் ஏற்பிகளும் செல் இறப்பும்



கருவியல் வகுப்பில் நாங்கள் பெரும்பாலும் வளர்ச்சியைப் பற்றியே பேசுகிறோம். எதிலிருந்து எது உருவாகிறது என்பதுதான் தேர்விலும் கேள்வி. எது உருவாகி, பிறகு உடலாலேயே அழிக்கப்படுகிறது என்று கேட்பவர் குறைவு. ஆனால் ஒரு சிசு முறையாக வளர்ந்து பிறக்க வேண்டுமானால், அதன் உடலில் பல இடங்களில், குறித்த நாளில், குறித்த செல்கள் சாக வேண்டும். அந்த இடங்களில் சுரப்பிகளை மட்டும் இன்று பேச எடுத்துக்கொள்கிறேன். ஹார்மோன் இரத்தத்தில் உடல் முழுவதும் ஓடுகிறது. அது எங்கே வாழவைக்கிறது, எங்கே சாகவைக்கிறது என்பதை அதன் ஏற்பி எந்தச் செல்லில் எந்த நாளில் இருக்கிறது என்பதே முடிவு செய்கிறது. இதில் எனக்கு இன்றும் வியப்புத் தருவது, பல இடங்களில் அந்த ஏற்பி சாகிற செல்லில் இருப்பதே இல்லை என்பதுதான். பக்கத்துத் திசுவில் இருக்கிறது.

முதலில் செல் இறப்பைப் பற்றிச் சுருக்கமாக. 1972இல் ஆஸ்திரேலியரான ஜான் கெர், ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த ஆன்ட்ரூ வைலி, அலஸ்டேர் கர்ரி மூவரும் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடிபட்டோ நஞ்சேறியோ சாகும் செல் வீங்கி வெடிக்கும். சுற்றிலும் அழற்சி வரும். இவர்கள் விவரித்த சாவு வேறு. செல் சுருங்குகிறது, உட்கரு துண்டுதுண்டாகிறது, சவ்வு சுற்றிய சிறு உருண்டைகளாகச் செல் பிரிகிறது, அண்டைச் செல்கள் அவற்றை விழுங்கிவிடுகின்றன. வீக்கமில்லை, தழும்பில்லை. அதற்கு அவர்கள் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டார்கள். புற்றுநோய்ப் பாடத்தில்தான் மாணவர்கள் இந்தப் பெயரைச் சந்திக்கிறார்கள். ஆனால் அதன் தொடக்க ஆய்வுகளில் ஒரு பெரும்பகுதி சுரப்பியில் நடந்தது. 1973இல் அதே குழு எலியின் அட்ரீனல் புறணியைப் பற்றி எழுதியது. பிட்யூட்டரியிலிருந்து வரும் ஏசிடிஎச் ஹார்மோன் குறைந்தால் புறணிச் செல்கள் இப்படிச் சாகின்றன; வெளியிலிருந்து ஏசிடிஎச் கொடுத்தால் சாவு தடைபடுகிறது. ஹார்மோன் வருவது நின்றால் செல் சாகும் என்பது அப்போது தெளிவானது. ஹார்மோன் வந்து சேர்வதால் ஒரு சுரப்பி சாகுமா என்ற எதிர்க் கேள்விக்கு விடை சுண்டெலியின் பால்சுரப்பியில் கிடைத்தது.

இந்தப் பகுதியில் சற்று அதிக நேரம் நிற்க விரும்புகிறேன்.

சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ 19, 20 நாள். பதினோராம் நாளையொட்டி, கருவின் இரு பக்கவாட்டிலும் தோல் ஐந்தைந்து இடங்களில் தடிக்கிறது. மார்பில் மூன்று இணை, தொடையிடுக்கை ஒட்டி இரண்டு இணை. பதின்மூன்றாம் நாளுக்குள் அந்தத் தடிப்புகள் உள்ளே அமிழ்ந்து சிறு மொட்டுகளாகின்றன. மொட்டு எபிதீலியச் செல்களால் ஆனது. அதைச் சுற்றி மெசன்கைம் என்னும் தளர்வான திசு சில அடுக்குகளாகச் சூழ்ந்து நிற்கிறது. அதை இனிச் சூழ்திசு என்றே சொல்கிறேன். இதுவரை ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் வேறுபாடில்லை.

ஆண் கருவில் விந்தகம் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கத் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. சூழ்திசுச் செல்கள் மொட்டின் கழுத்தருகே நெருங்கி அடர்கின்றன. சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவதைப் போல அவை கழுத்தை நெருக்குகின்றன. கழுத்து மெலிகிறது, அங்குள்ள எபிதீலியச் செல்கள் சாகின்றன, மொட்டு தோலிலிருந்து துண்டிக்கப்படுகிறது. பதினைந்தாம் நாளளவில் வேலை முடிந்துவிடும். துண்டான மொட்டு பெரும்பாலும் மறைந்துபோகும்; சிலவற்றில் ஒரு சிறு எச்சம் தங்கும். அதனால்தான் ஆண் சுண்டெலிக்கு முலைக்காம்பு கிடையாது. மனிதர்களில் இந்த அழிப்பு நடப்பதில்லை. ஆண்களுக்கும் காம்பு இருப்பதற்கு அதுவே காரணம்.

இறப்பது எபிதீலியம். அப்படியென்றால் டெஸ்டோஸ்டீரோன் எபிதீலியத்தைத்தானே தாக்கியிருக்க வேண்டும்? அப்படித்தான் யாருக்கும் தோன்றும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிளாவுஸ் கிராட்டோக்வில் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். அதற்கு வேண்டிய சுண்டெலி இங்கிலாந்தில் கிடைத்திருந்தது. 1970இல் மேரி லயன், சூசன் ஹாக்ஸ் இருவரும் எக்ஸ் குரோமோசோமில் ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். அந்த மாற்றமுள்ள ஆண் சுண்டெலியின் விந்தகம் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கும், ஆனால் அதைப் பெறும் ஆண்ட்ரோஜன் ஏற்பி வேலை செய்யாததால் உடல் அதற்குச் செவிசாய்க்காது. வெளித்தோற்றத்தில் அது பெண். பால்மொட்டுகளும் அதில் அழிவதில்லை.

கிராட்டோக்வில் செய்தது இது. நுண்ணோக்கியின் கீழ் மொட்டை அதன் சூழ்திசுவிலிருந்து பிரித்தார். ஏற்பியுள்ள கருவின் மொட்டை ஏற்பியில்லாத கருவின் சூழ்திசுவோடு சேர்த்து வளர்ப்புக் கிண்ணத்தில் வைத்தார். இன்னொரு கிண்ணத்தில் நேர்மாறாக, ஏற்பியில்லாத மொட்டு, ஏற்பியுள்ள சூழ்திசு. இரண்டிலும் டெஸ்டோஸ்டீரோனைச் சேர்த்தார். முதல் கிண்ணத்தில் மொட்டு எதுவும் நடக்காதது போல உயிரோடிருந்தது. இரண்டாவதில், தன்னிடம் ஏற்பியே இல்லாத மொட்டு நெருக்குண்டு அழிந்தது. 1976இல் இந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டே உல்ரிச் டிரூஸ், உர்சுலா டிரூஸ் இருவரும் தனியாகச் செய்த ஆய்வில் இதே முடிவுக்கு வந்தார்கள். ஹார்மோனின் செய்தியைப் பெறுவது சூழ்திசு. சாவது மொட்டு. இருபதாம் நூற்றாண்டுக் கருவியலில் இவ்வளவு எளிய கருவிகளால் இவ்வளவு தெளிவான விடை கிடைத்த சோதனைகள் மிகச் சிலவே என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் கிராட்டோக்வில் கண்டார். பெண் கருவின் மொட்டைக் கிண்ணத்தில் வைத்து டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தாலும் அது அழிகிறது. ஆக, அழிவதற்கான ஏற்பாடு இரு பாலிலும் இருக்கிறது. பெண்ணில் ஹார்மோன் வராததால் அது நடப்பதில்லை. அந்த ஏற்பாடும் நெடுநாள் நீடிப்பதில்லை. பதின்மூன்றாம் நாளின் பிற்பகுதியில் வருகிறது, பதினைந்தாம் நாளையொட்டிப் போய்விடுகிறது. அதற்கு முன்போ பின்போ கொடுத்த டெஸ்டோஸ்டீரோனுக்கு மொட்டு அப்படி அழிவதில்லை.

சரி, சூழ்திசுவுக்கு அந்த ஏற்பி எப்படி வந்தது? உடலெங்கும் மெசன்கைம் இருக்கிறது. மொட்டைச் சுற்றிய சில அடுக்குகளில் மட்டும் ஆண்ட்ரோஜன் ஏற்பி ஏன் நிறைகிறது? 1982இல் கிராட்டோக்வில் குழு விடையைக் காட்டியது. சூழ்திசுவில் ஏற்பியை உண்டாக்கச் சொல்வது மொட்டேதான். மொட்டு அனுப்பும் அந்தச் செய்தி எந்தப் பொருள் என்பதும் பின்னால் தெரிந்தது. பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த ஒரு புரதத்தை மொட்டு சுரக்கிறது. பிடிஎச்ஆர்பி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். சூழ்திசுச் செல்களில் அதற்கான ஏற்பி இருக்கிறது. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் ஜான் வைசோல்மெர்ஸ்கி குழுவினர், இந்தப் புரதமோ அதன் ஏற்பியோ இல்லாத சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் சூழ்திசுவில் ஆண்ட்ரோஜன் ஏற்பி உருவாகவில்லை. ஆண் கருவில்கூட மொட்டு டெஸ்டோஸ்டீரோனால் அழியவில்லை.

மாணவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். மொட்டு ஒரு புரதத்தை அனுப்புகிறது. அதைப் பெற்ற அண்டைத் திசு, பால்சுரப்பிக்கே உரிய சூழ்திசுவாக மாறுகிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பியையும் உண்டாக்கிக்கொள்கிறது. ஆண் கருவானால் அந்த ஏற்பி வழியாகவே மொட்டுக்குச் சாவு வருகிறது. பெண் கருவானால் அதே சூழ்திசு மொட்டை வளர்த்து, காம்பையும் உருவாக்குகிறது. வாழ்வுக்கும் சாவுக்கும் தனித்தனி இயந்திரங்கள் இல்லை. மனிதரிலும் இந்தப் பாதையின் முதற்பகுதி உண்டு என்பதற்குச் சான்றிருக்கிறது. அந்தப் புரதத்தைப் பெறும் ஏற்பி செயலிழந்ததால் வரும் பிளம்ஸ்ட்ராண்ட் என்னும் அரிய எலும்பு வளர்ச்சிக் கோளாறில் சிசு உயிர் பிழைப்பதில்லை. அப்படிப்பட்ட சிசுக்களில் மார்பகமும் காம்பும் உருவாகவில்லை என்பது 2001இல் பதிவானது.

பால்சுரப்பி மட்டும் இப்படியா என்றால், இல்லை. கருப்பையும் கருக்குழாயும் உருவாகும் முல்லேரியன் குழாய் எல்லாக் கருவிலும் தோன்றுகிறது. 1940களின் பிற்பகுதியில் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட், தாயின் வயிற்றிலிருந்த முயல் கருக்களின் விந்தகத்தை அகற்றிப் பார்த்தார். அந்தக் குழாய் அழியாமல் நின்றது. டெஸ்டோஸ்டீரோனை மட்டும் திரும்பக் கொடுத்தாலும் அழியவில்லை. விந்தகத்திலிருந்து வேறொரு பொருள் வருகிறது என்று அவர் முடிவு செய்தார். ஏஎம்எச் என்று இன்று கருத்தரிப்பு மையங்களில் பெண்களுக்கு இரத்தத்தில் அளந்து பார்க்கிறார்களே, அதே ஹார்மோன்தான் அது. அதன் ஏற்பியும் குழாயின் உள்சுவரில் இல்லை; அதைச் சுற்றியுள்ள மெசன்கைமில்தான் இருக்கிறது. உள்சுவர்ச் செல்கள் அண்டையிலிருந்து வரும் செய்தியால் சாகின்றன.

இனி அட்ரீனலுக்கு வருவோம். திரையில் தெரிவது நிறைமாதச் சிசுவின் அட்ரீனல், சாதாரண ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றியது. மேலே, உறையை ஒட்டி, சிறிய, நெருக்கமான, நீலம் பாரித்த செல்கள் மெல்லிய விளிம்பாக நிற்கின்றன. அதற்குள்ளே படத்தை முழுவதும் நிறைத்திருப்பவை பெரிய, வெளிர்சிவப்புச் செல்கள், அவற்றுக்கிடையில் இரத்தம் நிறைந்த நுண்குழல்கள். இந்த உள்பகுதிக்குச் சிசு மண்டலம் என்று பெயர். நிறைமாதத்தில் சுரப்பியின் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இதுவே. பிறந்த குழந்தையின் இரண்டு அட்ரீனல்களும் சேர்ந்து ஏறக்குறைய 8 கிராம். வளர்ந்த மனிதருக்கும் அவ்வளவுதான். மூன்று கிலோ உடலுக்கு அறுபது கிலோ உடலின் சுரப்பி. பிறந்த சில வாரங்களில் அது பாதி எடையை இழக்கிறது. சிசு மண்டலச் செல்கள் அப்போப்டோசிஸ் முறையில் சாகின்றன, விளிம்பில் நின்ற சிறிய செல்களிலிருந்து நிலையான புறணி விரிகிறது.

அழியப்போகும் இந்த மண்டலம் எதற்காக இருந்தது? நாளொன்றுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் வரை ஸ்டீராய்டைச் சுரந்து நச்சுக்கொடிக்கு அனுப்ப. நச்சுக்கொடி அதைத்தான் ஈஸ்ட்ரோஜனாக, குறிப்பாக எஸ்ட்ரியோலாக மாற்றுகிறது. சிசுவும் நச்சுக்கொடியும் தனித்தனியே முடிக்க முடியாத வேலையைச் சேர்ந்து முடிக்கின்றன என்பதை 1960களில் ஸ்டாக்ஹோமில் எகான் டிக்ஸ்ஃபலூசி நிறுவினார். தாயின் உடலில் நிறைந்திருக்கும் அந்த ஹார்மோனின் மூலப்பொருளைத் தருவது அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளை. பிறக்கும்வரை உழைத்துவிட்டு, கொடி அறுந்ததும் மறையும் சுரப்பிப் பகுதி இது.

அதை வாழவைப்பது ஏசிடிஎச்சும் அதன் ஏற்பியும். மூளையும் மண்டையோட்டின் மேற்பகுதியும் உருவாகாமல் பிறக்கும் சிசுக்களில் அட்ரீனல் மிகச் சிறியதாக இருப்பதை எலியட்டும் ஆர்மரும் 1911லேயே எழுதினார்கள். அச்சிசுக்களில் ஏறத்தாழ 15 வாரம் வரை சுரப்பி ஓரளவு ஒழுங்காகவே வளர்கிறது. அதன் பிறகு பிட்யூட்டரியின் துணை இல்லாமல் சிசு மண்டலம் தேய்கிறது. ஆனால் பிறந்த பின் எல்லாக் குழந்தைகளிலும் அது சாவதற்கு ஏசிடிஎச் குறைவதை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பிறந்த குழந்தையின் பிட்யூட்டரி அந்த ஹார்மோனைத் தொடர்ந்து சுரக்கிறது; நிலையான புறணி அதைக் கொண்டுதான் வளர்கிறது. ஒரே ஹார்மோன் ஓடும் சுரப்பியில் ஒரு பகுதி சாக, அடுத்த பகுதி பெருகுகிறது.

ஏற்பியின் பங்கு எவ்வளவு ஆழமானது என்பதற்கு டாக்ஸ்-1 என்னும் புரதத்தைச் சொல்வேன். உட்கருவில் இருக்கும் ஹார்மோன் ஏற்பிகளின் குடும்பத்தில் பிறந்தது, ஆனால் அதற்கென்று ஒரு ஹார்மோன் அறியப்படவில்லை. எக்ஸ் குரோமோசோமிலுள்ள அதன் மரபணு 1994இல் கண்டறியப்பட்டது. அது பழுதான ஆண் குழந்தைகளில் நிலையான புறணி உருவாகாமல் போகிறது. சிசு மண்டலத்தை ஒத்த பெருஞ்செல்களே எஞ்சுகின்றன. உடலில் உப்பு தங்காது. வாந்தியும் நீரிழப்புமாகப் பிறந்த சில வாரங்களில் கொண்டுவரப்படும் அத்தகைய குழந்தைக்கு உரிய ஹார்மோனைக் கொடுத்தால் பிழைக்கும், காரணம் தெரியாமல் சாதாரண வயிற்றுப்போக்கென்று விட்டால் பிழைக்காது. குழந்தை மருத்துவம் படிக்கப்போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் ஆய்வகத்துக்கு மட்டுமான செய்தி அல்ல. வின்க்ளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்கள் ஆண்ட்ரோஜன் ஏற்பியை அடைத்துக்கொள்கின்றன. கர்ப்பமான எலிக்கு உரிய நாள்களில் அதைக் கொடுத்தால், பிறக்கும் ஆண் குட்டிகளுக்குக் காம்புகள் இருக்கின்றன. அழிய வேண்டியது அழியவில்லை என்பதற்கு அதைவிடக் கண்கூடான அடையாளம் வேண்டாம். ஒரு வேதிப்பொருள் ஆண்ட்ரோஜனைத் தடுக்கிறதா என்று பார்க்க, பிறந்து 12, 13 நாளான ஆண் எலிக்குட்டிகளின் காம்புகளை எண்ணுவது இன்று பன்னாட்டு நச்சியல் சோதனை விதிகளில் ஒன்று. கிராட்டோக்வில் கிண்ணத்தில் கண்டது இப்படி ஒரு பாதுகாப்புச் சோதனையின் அடித்தளமாகியிருக்கிறது. அளவு சிறிது, ஒரு நாள் இருநாள்தானே என்று மருந்தையும் பூச்சிக்கொல்லியையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு என் பதில், கருவில் அந்த இரண்டு நாளே முழு வாய்ப்பு என்பதுதான்.

மனிதரிடத்திலும் மேரி லயனின் சுண்டெலிக்கு நிகரான நிலை உண்டு. ஆண்ட்ரோஜன் ஏற்பி முழுதும் செயல்படாத நிலை. உடற்கூறியல் துறைகளில் குரோமோசோம் ஆய்வகம் நடத்தும் எங்களுக்கு இது பழக்கமானது. பதினாறு வயதாகியும் பெண் பெரியவளாகவில்லை என்று தாய் அழைத்து வருவார். மார்பு வளர்ந்திருக்கும், உயரமான பெண். ஸ்கேனில் கருப்பை இல்லை. அறிக்கையில் 46, எக்ஸ்-ஒய். எங்களிடம் வருமுன் வேறோரிடத்தில் யாரோ, "உங்க பொண்ணு பொண்ணே இல்லம்மா" என்று சொல்லியிருந்தார்கள் என்று ஒரு தாய் என்னிடம் அழுதார். அந்தச் சொல் அறிவியலின்படியும் தவறு. அவள் உடலில் விந்தகம் டெஸ்டோஸ்டீரோனைச் சுரந்தது. ஏற்க ஏற்பி இல்லை, எனவே வெளியுடல் பெண்ணாக அமைந்தது. அதே விந்தகம் ஏஎம்எச்சையும் சுரந்தது. அதன் ஏற்பி ஒழுங்காக இருந்தது, எனவே முல்லேரியன் குழாய் அழிந்தது, கருப்பை உருவாகவில்லை. பருவத்தில் அந்த டெஸ்டோஸ்டீரோன் ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பை வளர்த்தது. அவள் பெண்ணாக வளர்ந்தாள், தன்னைப் பெண்ணாக அறிகிறாள். "ஏம்மா, ஒரு ஏற்பி வேலை செய்யல, அவ்வளவுதான்; உங்க மகள் உங்க மகள்தான்" என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

இத்தகைய குழந்தைகளை அவசரப்பட்டு அறுவை மேசைக்குக் கொண்டுபோகும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இடைபாலினக் குழந்தைகளுக்குப் பாலினத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அத்தகைய அறுவையைத் தடைசெய்து ஆணையிட்டது. இந்தியாவில் முதன்முதலாக அதைச் செய்த மாநிலம் நம்முடையது. ஏற்பி செயல்படாத இந்தப் பெண்களில், வயிற்றுக்குள் இருக்கும் விந்தகத்தில் பருவமடையும் முன் புற்றுநோய் வரும் அபாயம் மிகக் குறைவு. அந்த விந்தகம் இருந்தால்தான் அவர்கள் உடல் தானாகவே பருவமடையும். காத்திருக்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் சட்டமும் இரண்டும் இருக்கின்றன.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் சில ஆண்டுகளில் மகப்பேறு, குழந்தை நலம், அறுவைத் துறைகளில் பொறுப்பேற்கப் போகிறீர்கள். அப்படிப்பட்ட ஓர் அறிக்கை உங்கள் மேசைக்கு வரும் நாளில், அரசாணையை எடுத்துப் படியுங்கள், மரபணு ஆலோசகரை அழையுங்கள், அந்தப் பெண்ணையும் தாயையும் தனி அறையில் உட்காரவைத்து, அவசரமில்லாமல், அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்குங்கள்.